கிரில் பிடிப்புக்குப் பகுதிவாரி வரம்பு தேவை

ஆசிரியருக்கு,

அண்டார்டிகாவில் கிரில் என்னும் இறால் போன்ற சிற்றுயிரியைக் கப்பல்கள் பிடிப்பது பற்றிய தங்கள் செய்தி கண்டேன். அங்கு அட்லாண்டிக் பக்கக் கடலுக்கான ஆண்டு மொத்த வரம்பான 6,20,000 டன்னை மட்டும் பார்ப்பது போதாது. எங்கே பிடிக்கிறார்கள் என்பதே முக்கியம். இதற்கு அங்கு வாழும் கடல் பாலூட்டியான நண்டுண்ணி சீலே சான்று. அது, பெயருக்கு மாறாக, நண்டு தின்பதில்லை. அதன் உணவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கிரில்தான். இரவில் கிரில் மேலெழும்போது நீரோடு வாயில் அள்ளி, மடல் மடலாகப் பிளந்த கடைவாய்ப் பற்களை இறுக்கிச் சல்லடையாக்கி நீரை வெளியேற்றுகிறது. கிரில் கூட்டம் அடர்ந்திருந்தால்தான் இம்முறை பலன் தரும். கப்பல்கள் தேடுவதும் அதே கூட்டங்களையே.

அண்டார்டிக் தீபகற்பப் பகுதிக்கு இருந்த 1,55,000 டன் தனிவரம்பு 2024-இல் காலாவதியானது. அண்டார்டிக் கடல்வாழ் உயிர்வளப் பாதுகாப்பு ஆணையத்தின் உறுப்பினரான இந்தியா, அதை மீட்க வலியுறுத்த வேண்டும்.