கீறுவது பூனை, கிருமி தெள்ளின் எச்சத்தில்

ஆசிரியர் அவர்களுக்கு,

பூனைக் கீறல் காய்ச்சல் பற்றித் தங்கள் நாளிதழின் மருத்துவப் பகுதியில் வந்த கட்டுரை, ‘பூனையின் நகத்தில் ஒரு கிருமி இருக்கிறது’ என்று தொடங்குகிறது. கிருமி நகத்தில் பிறப்பதில்லை. அது ‘ஒரு’ கிருமி என்பதும் சரியல்ல.

இந்தக் காய்ச்சலைத் தரும் பார்ட்டோனெல்லா ஹென்செலே என்ற பாக்டீரியா பூனையின் சிவப்பணுக்களுக்குள் மாதக்கணக்கில் தங்கும். பூனை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதன் இரத்தத்தைக் குடிக்கும் தெள்ளுப் பூச்சியின் குடலில் கிருமி பெருகி, எச்சத்தோடு வெளியே வரும். பூனை உடம்பைச் சொறியும்போது அந்த எச்சம் நகத்தில் ஏறிக்கொள்கிறது. 1996-ல் வெளியான கலிபோர்னிய ஆய்வில், கிருமியுள்ள பூனைகளிடமிருந்து எடுத்த தெள்ளுகளை நோயற்ற குட்டிகள்மேல் விட்டார்கள், குட்டிகளுக்குத் தொற்றியது. தெள்ளே இல்லாத இடத்தில் நோயுள்ள பூனைகளோடு ஒன்றாக வைத்த குட்டிகளுக்குத் தொற்றவில்லை.

நம் ஊரில் தெள்ளையும் ‘உண்ணி’ என்றே சொல்லிவிடுகிறோம். உண்ணிக்கு எட்டுக் கால். தோலில் ஒட்டி உப்பும். தெள்ளுக்கு ஆறு கால், பக்கவாட்டில் தட்டை, தொட்டால் தாவும். இந்தச் சொற்குழப்பம் ஆபத்தானது. ‘உண்ணி மருந்து’ என்று கேட்டு, நாய்க்கான பெர்மெத்ரின் சொட்டு மருந்தை வாங்கிவந்து பூனைக்கு ஊற்றினால் நடுக்கமும் வலிப்பும் வந்து பூனை சாகலாம்.

இனி மரபணு விஷயம். இந்தக் கிருமிக்கு 1992-ல் பெயரிட்டார்கள். பாக்டீரியாக்களை இனங்காண உதவும் 16எஸ் ஆர்.ஆர்.என்.ஏ. மரபணுவில் சில எழுத்துகள் மாறுவதை வைத்து ஹூஸ்டன் (முதல் வகை), மார்செய் (இரண்டாம் வகை) என்று பிரிக்கிறார்கள். மேற்கு ஐரோப்பியப் பூனைகளில் இரண்டாம் வகை அதிகம். ஜப்பான், பிலிப்பைன்ஸ் பூனைகளில் முதல் வகை. ஒன்றுக்குப் பதிலாகப் பல மரபணுக்களைச் சேர்த்து வாசித்தால் இன்னும் நுண்ணிய குழுக்கள் தெரிகின்றன. அவற்றில் சில, பூனைகளில் இருப்பதைவிட மனித நோயாளிகளிடம் அதிக விகிதத்தில் கிடைக்கின்றன. அதாவது எல்லாப் பூனைக் கிருமியும் மனிதரிடம் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. இவை தவிர பார்ட்டோனெல்லா கிளாரிட்ஜியே என்ற உறவுக் கிருமியும் அதே பூனையில், அதே தெள்ளில் இருக்கும். ஒரே பூனையில் ஹென்செலேயின் இரண்டு வகையும் கலந்திருப்பதுண்டு. ஆகவே ஆய்வகத்தின் வளர்ப்புத் தட்டில் வளர்ந்த ஒரே ஒரு புள்ளியை (கிருமிக் கூட்டத்தை) எடுத்து அதன் மரபணுவை வாசித்துவிட்டு, ‘நோயாளியின் கிருமி வேறு, பூனையின் கிருமி வேறு’ என்று தீர்ப்புச் சொல்வது அவசரம். ஐந்தாறு புள்ளிகளையாவது தனித்தனியே வாசிக்க வேண்டும்.

ஒப்பிட வேண்டுமென்றால் பூனை, தெள்ளு, மனிதர் மூன்றிலும் ஒரே சமயத்தில் மாதிரி எடுப்பதே முறை. பிழைகள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் நேர்கின்றன. பூனையின் இரத்தத்தை ஆன்டிபயாட்டிக் கொடுப்பதற்கு முன்பே, இரத்தம் உறையாமல் தடுக்கும் இ.டி.டி.ஏ. குழாயில் எடுக்க வேண்டும். வேறொரு உறைதடுப்பியான ஹெப்பாரின் உள்ள குழாயில் எடுத்தால், கிருமியின் டி.என்.ஏ.வைப் பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். சோதனை தடைபடும். கிருமி இரத்தத்தில் விட்டுவிட்டுத்தான் வரும். ஒரு முறை ‘இல்லை’ என்று வந்தால் போதாது. சில வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். கிருமியைத் தட்டில் வளர்க்கப் புதிய இரத்த அகார் (இரத்தம் கலந்த கூழ்), 35 டிகிரி, 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, ஈரப்பதம் வேண்டும். முதல் புள்ளி தெரியவே ஒன்பது நாளிலிருந்து மூன்று வாரம், சில சமயம் அதற்கும் மேல் ஆகும். வழக்கம்போல ஐந்தாம் நாளே தட்டைக் குப்பையில் போடும் ஆய்வகத்தில் இந்தக் கிருமி என்றுமே ‘வளராது’.

தெள்ளுகளை 70 சதவீத எத்தனாலில் போட்டு, ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். பத்தை ஒன்றாக அரைத்தால் எந்த வகை எதிலிருந்து வந்தது என்பது கலங்கிவிடும். தெள்ளில் கிருமியின் டி.என்.ஏ. கிடைத்தாலும், அது சற்றுமுன் குடித்த பூனை இரத்தத்திலிருந்தே வந்திருக்கலாம். மனிதரிடம் நெறிகட்டிய இடத்திலிருந்து ஊசியால் உறிஞ்சிய திரவம், அதுவும் வீக்கத்தின் தொடக்க வாரங்களில் எடுத்தது, உதவும். எதிர்ப்புரதப் பரிசோதனை தொற்று வந்ததைச் சொல்லுமே தவிர வகையைச் சொல்லாது.

வாசகர்களுக்கு உடனே தேவைப்படுவது வேறு. கீறிய இடத்தில் மூன்று முதல் பத்து நாளில் சிறு பரு வரலாம். ஒன்று முதல் மூன்று வாரத்தில் அக்குளிலோ கழுத்திலோ நெறி கட்டும். மருத்துவரிடம் பூனைக்குட்டி இருப்பதைச் சொல்லுங்கள். ஒரு வயதுக்குக் குறைந்த பூனைகளிடமே கிருமி அதிகம். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், இதய வால்வில் கோளாறு உள்ளவர்கள் காத்திருக்கக் கூடாது.

பூனையைத் தெருவில் விட வேண்டியதில்லை. பேன் சீப்பால் வாரி, விழும் கரும்பொடியை ஈரமான வெள்ளைத் தாளில் தட்டுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம். மண் அப்படிக் கரையாது. சீப்பில் சிக்கும் தெள்ளை நகத்தால் நசுக்காமல் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். பூனையின் எடையையும் வயதையும் சொல்லி, பூனைக்கென்றே உள்ள பிப்ரோனில் அல்லது செலாமெக்டின் சொட்டு மருந்தைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் போடுங்கள். படுக்கைத் துணியை வெந்நீரில் துவையுங்கள். மூன்றாம் வாரம் மறுபடி தெள்ளு தெரிந்தால் மருந்து தோற்றது என்று எண்ணி அளவைக் கூட்டிவிடாதீர்கள். தரையிடுக்கில் கூட்டுக்குள் கிடந்தவை அப்போதுதான் வெளிவருகின்றன; கூட்டுக்குள் மருந்து எட்டாது. மாதம் தவறாமல் மூன்று மாதமாவது தொடர வேண்டும்.

இப்படிக்கு,
கால்நடை நுண்ணுயிரியல் துறை வாசகர்