அம்மையா, மாத்திரையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

இரண்டு பருவமழையும் பெய்கிற குமரி மாவட்டத்தில், காய்ச்சலோடு உடம்பெல்லாம் செந்தடிப்பு என்று வந்தால் டெங்கு, எலிக்காய்ச்சல் பரிசோதனைகள் உடனே நடக்கின்றன. வீட்டிலோ மணல்வாரி அம்மை என்று வேப்பிலை வைத்துவிடுவார்கள். ‘இரண்டு மாதத்துக்குள் புதிதாக என்ன மாத்திரை தொடங்கினீர்கள்?’ என்ற கேள்விதான் பல நேரம் விட்டுப்போகிறது.

வலிப்புக்கான ஃபெனிட்டாயின், கார்பமாசெபின், யூரிக் ஆசிட்டுக்கான அலோப்யூரினால், தொழுநோய்க்கான டாப்சோன் போன்றவை அரிதாகச் சிலருக்கு ‘டிரெஸ்’ எனும் கடும் ஒவ்வாமையைக் கிளப்பும். இது மாத்திரை போட்ட அன்றே வராது. பெரும்பாலும் 2 முதல் 8 வாரம் கழித்தே வரும். அதனால் மாத்திரை மேல் யாருக்கும் சந்தேகம் எழுவதில்லை. முகம் உப்பும், கழுத்தில் நெறி கட்டும், ரத்தத்தில் ஈசினோஃபில் எனும் வெள்ளை அணு ஏறும், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. பல மடங்காகும். அம்மை என்று நினைத்து மாத்திரையைத் தொடர்ந்தால் கல்லீரலே செயலிழக்கலாம். வாயும் கண்ணும் புண்ணாகித் தோல் உரிந்தால் அது ஸ்டீவன்ஸ் ஜான்சன் எனும் இன்னொரு கடும் மருந்து ஒவ்வாமையாக இருக்கலாம். ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

வலிப்பு மாத்திரையை நோயாளி தானாக நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். அன்றே மருத்துவரிடம் போய் மாற்று மருந்து வாங்க வேண்டும். ஆனால் ஃபெனிட்டாயினுக்குப் பதில் கார்பமாசெபினோ ஃபீனோபார்பிட்டோனோ கொடுத்துப் பயனில்லை. மூன்றுக்கும் வேதி அமைப்பு ஒரே வகை என்பதால் ஒவ்வாமை திரும்பக்கூடும். லெவெட்டிராசெட்டாம் போல வேறு வகை மருந்து வேண்டும். இந்த ஒவ்வாமைக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டையும் தடிப்பு மறைந்ததும் சட்டென நிறுத்தக் கூடாது. வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், படிப்படியாகக் குறைக்காவிட்டால் நோய் மறுபடி கிளம்பும்.

அலோப்யூரினால் விஷயம்தான் எரிச்சலூட்டுகிறது. முழு உடல் பரிசோதனையில் யூரிக் ஆசிட் 7.5 என்று வந்ததுமே, மூட்டுவலியே இல்லாதவருக்கும் 300 மி.கி. எழுதிவிடுகிறார்கள். அறிகுறி இல்லாத பெரும்பாலோருக்கு அது தேவையே இல்லை. தேவைப்படுவோருக்கும் 100 மி.கி.யில் தொடங்கித்தான் ஏற்ற வேண்டும். சிறுநீரகம் பழுதானவருக்கு 50 மி.கி. அல்லது அதற்கும் குறைவு. இந்த மருந்தின் சிதைபொருள் சிறுநீரில்தான் வெளியேறுகிறது. சிறுநீரகம் மந்தமானால் உடம்பில் தேங்கிவிடும்.

மருந்துச் சீட்டில் மாத்திரை தொடங்கிய தேதியையும் எழுதலாம். ஒவ்வாமை வந்தவர் அந்த மருந்தின் மூலப்பெயரை எழுதிப் பர்ஸில் வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் கம்பெனிப் பெயர் கடைக்குக் கடை மாறும். உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லி வைப்பது நல்லது. இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் மருந்து ஒவ்வாமையை நோயாளியே தெரிவிக்கலாம். உறுதியாகத் தெரிய வேண்டியதில்லை, சந்தேகம் இருந்தாலே போதும்.

– மருந்தாளுநர் ஒருவர், தக்கலை