முகாம் நடந்தது சரி, கண்ணாடி போய்ச் சேர்ந்ததா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, சித்தேரி போன்ற இடங்களில் உள்ள பழங்குடியினர் உறைவிடப் பள்ளிகளில் கண் பரிசோதனை முகாம் நடந்தால், மறுநாள் செய்தியில் ஒரே ஓர் எண்தான் வரும்: இத்தனை மாணவர்களுக்குப் பரிசோதனை. அவர்களில் எத்தனை பேருக்குக் கண்ணாடி எழுதினார்கள், அது எப்போது மலையேறி வந்தது, மூன்று மாதம் கழித்தும் முகத்தில் இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

கேழ்வரகும் கீரையும் சாப்பிட்டு வளர்கிற மலைப் பிள்ளைக்குக் கண்ணில் என்ன கோளாறு வரப்போகிறது என்ற எண்ணம் படித்தவர்களிடமே இருக்கிறது. அதில் பாதி உண்மை. பகல் வெளிச்சத்தில் அதிக நேரம் ஓடியாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை குறைவாகவே வருகிறது. 2002இல் வெளியான இரண்டு ஆய்வுகளில், டெல்லிப் பிள்ளைகளிடம் 7.4 சதவீதமாக இருந்த கிட்டப்பார்வை, இன்றைய தெலங்கானாவின் மகபூப்நகர் மாவட்டக் கிராமங்களில் 4.1 சதவீதம்தான். ஆனால் வகுப்பில் பத்துப் பேர் கண்ணாடி போட்டிருந்தால் பதினோராவது பிள்ளை மீதும் ஆசிரியருக்குச் சந்தேகம் வரும். ஒருவர்கூடப் போடாத பள்ளியில், பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து எழுதுகிறவனுக்கு ‘மந்தம்’ என்ற பெயர்தான் கிடைக்கும்.

பிள்ளைகளின் உடல்நலம் பார்க்கும் அரசுத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.யின் மருத்துவக் குழு பள்ளிக்கு வருடத்துக்கு ஒருமுறை வரும். மற்ற நாட்களில் கவனிக்க வேண்டியவர் ஆசிரியர்தான். அதற்கு, ஆங்கில ‘E’ எழுத்தை நாலு பக்கமும் திருப்பி அச்சிட்ட ஓர் ‘ஈ’ அட்டையும் அளவு டேப்பும் போதும். பிள்ளை எழுத்தின் கால்கள் எந்தப் பக்கம் என்று சொன்னால் போதும். ஆனால் அதிலேயே தவறு நடக்கிறது. அறை சிறியது என்று 6 மீட்டர் அட்டையை 3 மீட்டரில் மாட்டிவிடுகிறார்கள். 6/6 என்றால் முழுப் பார்வை; 6/12 என்றால் மற்றவர் 12 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில்தான் படிக்க முடியும். 3 மீட்டரில் மாட்டினால் 6/12 பார்வை உள்ள பிள்ளை 6/6 வரியைச் சொல்லிவிடும். பார்வையில் குறை இருந்தும் ‘நார்மல்’ என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். 6 மீட்டருக்கு இடம் இல்லையென்றால் 3 மீட்டருக்கென்றே அச்சிட்ட அட்டையைத்தான் மாட்ட வேண்டும், அல்லது வராந்தாவுக்குப் போக வேண்டும். அட்டைக்குப் பின்னால் ஜன்னல் இருக்கக் கூடாது. ஒரு கண்ணை விரலால் மூடச் சொன்னால் பிள்ளைகள் இடுக்கு வழியாகப் பார்த்துவிடுவார்கள். உள்ளங்கையைக் குவித்து, அழுத்தாமல் மூடச் சொல்ல வேண்டும். வரிசையில் நிற்கும் பிள்ளைகளுக்கு அட்டை தெரியவே கூடாது. நாலாவது ஆள் வருவதற்குள் மேல், கீழ், வலம், இடம் எல்லாம் மனப்பாடம் ஆகிவிடும். 6/9 வரி எந்தக் கண்ணில் தெரியாவிட்டாலும் பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு கறுப்பு அட்டையில் 1.2 மி.மீ. துளையிட்டு, அதன் வழியாகப் பார்க்கச் சொல்லலாம். துளை வழியே தெளிவாகத் தெரிந்தால் அநேகமாகக் கண்ணாடியால் சரியாகும். தெரியாவிட்டால் மருத்துவர் கட்டாயம் பார்க்க வேண்டும்.

இரண்டு கண்ணையும் திறந்து வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புவதுதான் பெரிய பாவம். ஒரு கண்ணில் மட்டும் பவர் இருக்கும் பிள்ளை நடக்கும், படிக்கும், பந்து பிடிக்கும், யாருக்கும் தெரியாது. மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிடும், அதுதான் சோம்பல் கண். ஏழு வயதுக்குள் கண்டுபிடித்தால் நல்ல பலன் கிடைக்கும். வயது ஏற ஏறக் கடினம். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும் வாரத்திலேயே கண்ணைத் தனித்தனியாகப் பார்த்துவிட வேண்டும் என்பது இதனால்தான். கண்ணாடியோடு நல்ல கண்ணை ஒட்டுப் போட்டு மூடுவார்கள். நிலைமையைப் பொறுத்து மருத்துவர் தினம் 2 மணி நேரமோ 6 மணி நேரமோ சொல்வார். வீட்டில் பிள்ளை அழுதால் பிய்த்துப் போட்டுவிடுவார்கள். விடுதியில் காப்பாளர் மனம் வைத்தால் ஒழுங்காக நடக்கும். உறைவிடப் பள்ளிக்கு இப்படி ஒரு வசதி இருப்பதை யாரும் பயன்படுத்திக்கொள்வதில்லை.

பவர் அளக்கும் முன் கண் தசையைத் தளர்த்த விடும் சொட்டு மருந்து விஷயமும் அப்படித்தான். பிள்ளைகளின் கண் தசைகள் பலமானவை. பவர் அளக்கும் இயந்திரத்தில் பார்க்கும்போது தசை இறுகி, இல்லாத மைனஸ் பவரைக் காட்டிவிடும். சைக்ளோபென்டோலேட் என்ற அந்த மருந்து 1 சதவீதம் ஒரு சொட்டு, சில நிமிடம் கழித்து இன்னொன்று விட்டு, அரை மணி முதல் முக்கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். ஒரு நாள் முகாமில் இதைத் தவிர்க்கிறார்கள். மருந்து விட்டால் மறுநாள் வரை எழுத்து மங்கும், வெயில் கூசும், பிள்ளைகள் மலைப்பாதையில் எப்படி வீடு போவார்கள் என்பது காரணம். நியாயம்தான். ஆனால் விடுதியிலேயே தங்கும் பிள்ளைக்கு மாலை நாலு மணிக்கு மேல் மருந்து விட்டுப் பார்க்க என்ன தடை? பரிசோதிப்பவர் ஓர் இரவு மலையில் தங்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி கண்ணாடி. பெரியவர் அளவு ஃபிரேம்களை மொத்தமாக வாங்கி, எல்லார் முகத்திலும் ஏற்றுகிறார்கள். கருவிழிகளின் இடைவெளியை அளந்து லென்ஸின் மையத்தை வைக்காவிட்டால், மைனஸ் 4 லென்ஸ் ஒவ்வொன்றும் 5 மி.மீ. விலகினாலே ஒளி பக்கவாட்டில் வளைந்து, ஒவ்வொரு கண்ணுக்கும் 2 பிரிசம் (ஒளி வளைவதை அளக்கும் அலகு) சுமை ஏறும். தலைவலி வரும், பிள்ளை கழற்றிப் பெட்டியில் வைத்துவிடும். நாம் ‘அக்கறை இல்லாத பிள்ளை’ என்போம். ‘சோடாபுட்டி’ கேலி வேறு. நாலு நிறம் காட்டி, பிடித்ததை எடுக்கச் சொன்னால் பாதிக் கேலி அடங்கும். பெண் பிள்ளை என்றால் தாய் தகப்பனிடமும் ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும்.

காது கம்பியின் ஸ்க்ரூ ஒன்று கழன்று விழுந்தால் மலையில் அந்தக் கண்ணாடி அன்றோடு சரி. சரிசெய்ய ஜமுனாமரத்தூரிலிருந்து போளூர் இறங்கவா முடியும்? சின்ன ஸ்க்ரூடிரைவர், கொஞ்சம் ஸ்க்ரூ, மூக்குப் பட்டைகள் கொண்ட டப்பா ஒன்று பள்ளியில் இருக்க வேண்டும். பவர் அதிகமுள்ள பிள்ளைக்கு இரண்டாவது கண்ணாடியும் அவசியம். லென்ஸ் எளிதில் உடையாத பாலிகார்பனேட் பிளாஸ்டிக்காக இருக்கட்டும், உடையும் கண்ணாடி லென்ஸ் வேண்டாம்.

வெயில் காலத்தில் கண் சிவந்து அரித்துக்கொண்டே இருக்கும் பிள்ளைகள் மலையில் உண்டு. மருந்துக்கடையில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்த சொட்டு வாங்கி விட்டால் ஒரே நாளில் சிவப்பு போய்விடும். அதனாலேயே மாதக்கணக்கில் விடுகிறார்கள். கண் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டது தெரியும்போது பார்வை திரும்பாது. மருத்துவர் சீட்டு இல்லாமல் இந்தச் சொட்டைத் தருவதை மருந்து ஆய்வாளர்கள் அடிவாரக் கடைகளிலிருந்தே நிறுத்த வேண்டும்.

மாலைக்கண் வராமல் தடுக்கத் தரும் வைட்டமின் ஏ திரவம் ஐந்து வயதோடு நின்றுவிடுகிறது. அந்தி சாய்ந்தால் தடுமாறும் பிள்ளையைக் காப்பாளர்தான் முதலில் காண்பார். வைட்டமின் கொடுத்தும் மாறாவிட்டால், நெருங்கிய சொந்தத்தில் மணம் செய்த குடும்பங்களில் வரும் விழித்திரை நோயாக இருக்கலாம். அதற்குச் சிறப்பு மருத்துவமனைதான்.

நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாள் செல் ரத்தக் குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளைந்துபோகும் பரம்பரைக் குறை) இருப்பது 1952லேயே பதிவானது. அந்தக் குறைபாடுள்ள பிள்ளைக்கு அடிபட்டுக் கண்ணுக்குள் ரத்தம் கட்டினால் அழுத்தம் சட்டென ஏறும். அப்போது அழுத்தம் குறைக்க வழக்கமாகத் தரும் அசிட்டசோலமைடு மாத்திரை நிலைமையை மோசமாக்கலாம். எனவே விடுதிப் பதிவேட்டில் அந்த விவரம் இருந்தாக வேண்டும்.

முகாமை அக்டோபரில் உலகப் பார்வை தினத்தோடு சேர்த்து வைக்கும் வழக்கத்தை விட்டுவிடலாம். அப்போதுதான் மழை பிடித்து மலைப்பாதையில் மண் சரியும். ஜூன் கடைசியில் வைத்தால் காலாண்டுத் தேர்வுக்கு முன் கண்ணாடி கைக்கு வரும். பதிவேட்டில் இரண்டு கட்டம் கூடுதலாகப் போடுங்கள்: கண்ணாடியை மாணவர் பெற்ற தேதி, மூன்று மாதம் கழித்து வகுப்பில் அதைப் போட்டிருந்தாரா என்பது. இரண்டும் நிரம்பிய பிறகே முகாம் நடத்தியவர்களுக்குப் பணம் பட்டுவாடா செய்ய வேண்டும்.

– ஓய்வுபெற்ற கண் மருத்துவ உதவியாளர்,
அரூர், தருமபுரி மாவட்டம்