மீனாவுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள மீனா,

நம் புளோக்கில் மின்தூக்கி பழுது. முழங்கால் பரவாயில்லை. தேக்கா சந்தையில் வஞ்சிரம் விலை கேட்டால் மயக்கம் வருகிறது. ஊர்ச் செய்தி இவ்வளவுதான். விஷயம் வேறு. வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டு நகர்ந்துவிடுவாய் என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

உறவினர் வீட்டுக் குழந்தைக்குக் காப்பு போட்ட அன்று, கருத்தடை மாத்திரை சாப்பிட்டுச் சாப்பிட்டே உன் கருப்பை கெட்டுவிட்டது, அதனால்தான் குழந்தை இல்லை என்று சம்பந்தி அம்மா பத்துப் பேர் முன்னால் சொன்னதைச் சித்தி என்னிடம் சொன்னாள். நீ சாப்பிடாமல் கிளம்பியதும், அதன்பிறகு எந்த விசேஷத்திலும் தலைகாட்டாததும் எதனால் என்று இப்போதுதான் புரிகிறது. மாப்பிள்ளையைக் கேட்டேன், மென்று விழுங்கினார். அவரைக் கோபித்துக்கொள்ளாதே. அம்மா இருந்திருந்தால் அவளே உன்னிடம் பேசியிருப்பாள். அப்பாவிடம் இதையா என்று கூச்சப்படாதே. பலதுறை மருந்தகத்தில் காலமெல்லாம் மாத்திரை எடுத்துக் கொடுத்தவன் பேசுவதாக நினைத்துக்கொள்.

மாத்திரை உன் கருப்பையைக் கெடுக்கவில்லை. எத்தனை வருடம் சாப்பிட்டாலும் அது உடம்பில் தங்காது. நிறுத்திய சில வாரங்களிலேயே பலருக்குக் கருமுட்டை வரத் தொடங்கிவிடும், சிலருக்கு மூன்று மாதம் ஆகும். சம்பந்தி அம்மா உதாரணம் காட்டினாரே பக்கத்து வீட்டுப் பெண், அவள் போட்டுக்கொண்டது மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசி. சித்தி விசாரித்துவிட்டாள். ஊசியை நிறுத்தினால் ஓராண்டுகூடத் தாமதமாகலாம். ஊசி எது மாத்திரை எது என்று தெரியாமல் சபையில் தீர்ப்புச் சொல்கிறார்! எங்கள் காலத்தில் இரண்டோடு நிறுத்தச் சொன்ன சிங்கப்பூர் அரசாங்கமே 1987இல் மனம் மாறி, வசதியிருந்தால் மூன்றோ அதற்கு மேலுமோ பெறலாம் என்றது. இந்த அம்மா மாறமாட்டார்.

ஆனால் ஒன்று. 28 மாத்திரை அட்டையில் பெரும்பாலும் கடைசி 7 மருந்தில்லாத வெறும் மாத்திரை. அந்த வாரத்தில் வருவது மருந்து நின்றதால் வரும் உதிரப்போக்கு, உடம்பு தன் கணக்கில் கொண்டுவரும் மாதவிடாய் இல்லை. அதனால் இத்தனை காலமும் எல்லாம் ஒழுங்காக நடப்பதுபோலவே இருந்திருக்கும். பாலிடெக்னிக்கில் படித்தபோது உனக்கு இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போனதே, அம்மா வெந்தயமும் கருப்பட்டியுமாக அலைந்தாளே, அதை மருத்துவரிடம் சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய். சினைப்பையில் நீர்க்கட்டியா, தைராய்டா என்று அவர்கள் பார்க்கட்டும். இரண்டுக்கும் மருந்து உண்டு.

ஒரு வருடம் முயன்று பார்த்துவிட்டு வாருங்கள் என்பது 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. உனக்கு ஆவணியில் 36. உனக்கு ஆறு மாதம்தான் கணக்கு, நாள் ஒழுங்கில்லை என்றால் அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது. பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு கேகே மகளிர் மருத்துவமனைக்குப் போனால் சலுகைக் கட்டணம். அலுவலகத்தில் அத்தனை பேரை வேலை வாங்குகிறாய், கேட்கவே பெருமையாக இருக்கிறது. உன் உடம்பைப் பார்க்க அரை நாள் விடுப்பு எடுக்க மட்டும் உனக்கு முடியாது.

மாப்பிள்ளைக்கும் ஒரு பரிசோதனை உண்டு. அதை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. குறை ஆண் பக்கமும் இருக்கலாம் என்பதைச் சபையில் யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

ஃபோலிக் அமிலம் சாப்பிடுகிறாயா? தினமும் 400 மைக்ரோகிராம். கருத்தரித்தபின் தொடங்கலாம் என்று இருந்துவிடாதே. குழந்தையின் முதுகுத்தண்டு உருவாவது முதல் சில வாரங்களில், அப்போது உனக்கே விஷயம் தெரிந்திருக்காது.

சம்பந்தி அம்மாவிடம் நான் பேசவா, வேண்டாமா? நீ சரி என்றால் ஞாயிற்றுக்கிழமையே போய்ப் பேசிவிட்டு வருகிறேன். வேண்டாம் என்றால் வாயைத் திறக்கமாட்டேன், சித்தியையும் அடக்கி வைக்கிறேன். எதுவானாலும் போன் செய்து சொல். மருத்துவரிடம் பழைய கதையைச் சொல்ல மறக்காதே. ஃபோலிக் அமிலத்தையும்.

அப்பா