தச்சு ட்ரெய்லருக்குப் பூட்டு மட்டும் போதாது

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கட்டட வேலை செய்பவர்கள் வாகனத்தின் பின்னால் இழுத்துச் செல்லும் ட்ரெய்லர்கள் களவு போவது பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த செய்தியையும், அதன் பிறகு வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். எழுதியவர்களில் அநேகர் எந்தப் பூட்டு நல்லது, எந்தக் கமெரா நல்லது என்பதோடு நிறுத்திவிட்டார்கள். நான் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கும் ஒரு தச்சுத் தொழிலாளி. கதவு, படிக்கட்டு, சமையலறை அலுமாரி என்று வீட்டுக்குள் செய்யும் வேலைகள்தான் அதிகம். உளி, வாள், ட்ரில் என்று என் தொழில் ஆயுதங்கள் எல்லாம் ஆறடி அகலமும் பன்னிரண்டடி நீளமும் உள்ள ஒரு மூடிய ட்ரெய்லருக்குள் இருக்கின்றன. பூட்டு கட்டாயம் வேண்டும். ஆனால் உள்ளே ஒழுங்கில்லாத ட்ரெய்லரை எந்தப் பூட்டும் காப்பாற்றாது. புதிதாக இந்தத் தொழிலுக்கு வரும் எங்கள் பிள்ளைகளுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

ட்ரெய்லரோடு சேர்த்து எல்லாம் போவதுதான் செய்தியில் வருகிறது. நான் பார்த்தவரை, சிறுகச் சிறுகப் போவதில்தான் தொழிலாளி அதிகம் இழக்கிறான். ஒரு வேலைத்தளத்தில் மின்சாரக்காரர், குழாய் வேலைக்காரர், பெயின்ட் அடிப்பவர் என்று பல பேர் ஒரே நேரத்தில் நடமாடுவார்கள். அங்கே ஒரு பற்றரி, இங்கே ஸ்குரூ இறுக்கும் ஒரு இம்பாக்ட் ட்ரைவர், நல்ல உளி ஒன்று. எல்லாவற்றையும் அள்ளி ட்ரெய்லருக்குள் போட்டுக் கதவை இழுத்து மூடுகிறவருக்கு அது போனதே தெரியாது. இரண்டு கிழமை கழித்துத் தேடும்போது எந்த வீட்டில் விட்டோம், யார் கையில் கொடுத்தோம் என்று ஒன்றும் ஞாபகம் வராது. அப்புறம் சந்தேகம் யார் மீது விழும்? கூட நின்று பலகை பிடித்துத் தந்த பெடியன் மீதுதான். ஒரு பாவமும் அறியாத பிள்ளைகள் அப்படிப் பேச்சு வாங்குவதை நான் கண்டிருக்கிறேன். அது பெரிய அநியாயம்.

விமானம் திருத்தும் இடங்களில் ஒரு முறை உண்டு. பலகையில் ஒவ்வொரு ஆயுதத்தின் உருவத்தையும் வெட்டியோ வரைந்தோ வைத்திருப்பார்கள். வேலை முடிந்ததும் ஓர் இடம் வெறுமையாகத் தெரிந்தால், அந்த ஆயுதம் கிடைக்கும்வரை விமானத்தை வெளியே விடமாட்டார்கள். இயந்திரத்துக்குள் ஒரு ஸ்பானர் விடுபட்டால் உயிர்கள் போய்விடும் என்பதால் அந்தக் கண்டிப்பு. எங்கள் வேலையில் உயிர் போகாது, உண்மைதான். ஆனால் அந்த முறை எங்களுக்கும் அப்படியே பொருந்தும். சுவர்ப் பலகைக்கு வெள்ளை நிறம் அடித்து, ஒவ்வொரு ஆயுதமும் தொங்கும் இடத்தில் அதன் உருவத்தைக் கறுப்பில் வரைந்துவிட்டால் போதும். மாலையில் கதவை மூட முதல் ஒரு பார்வை பார்த்தாலே எது இல்லை என்று தெரிந்துவிடும். வேலைவீட்டை விட்டு வெளிக்கிட முதல் அது தெரிந்தால், திரும்பிப் போய் எடுத்துவிடலாம்.

யாழ்ப்பாணத்தில் என் அப்பாவும் தச்சர். அவருடைய முழுத் தொழிலும் சைக்கிள் கரியரில் கட்டிய ஒரு மரப்பெட்டிக்குள் அடங்கிவிடும். சீவுளி, உளிகள், மூலைமட்டம், வாள், அரம் எல்லாவற்றுக்கும் அதற்குள் இடம் பிரித்து வைத்திருந்தார். பெட்டியை மூட முதல் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார்ப்பார். பெட்டி ட்ரெய்லராக வளர்ந்துவிட்டது என்பதற்காக அந்தப் பழக்கத்தை நாங்கள் ஏன் விட வேண்டும்?

உள்ளே எப்படி அமைப்பது என்பதில் இளையவர்கள் இணையத்தில் பார்த்ததை அப்படியே செய்கிறார்கள். பட்டறைச் சுவருக்குச் சரியானது ஓடுகிற ட்ரெய்லருக்குச் சரிவராது. 45 பாகையில் சரித்து அறுத்த இரண்டு பிளைவூட் பட்டிகளில் ஒன்றைச் சுவரில் அடித்து, மற்றதை ஆயுதப் பலகையின் பின்னால் அடித்து, ஒன்றில் மற்றதைக் கொளுவும் முறை ஒன்று இருக்கிறது. பட்டறையில் அதைவிட நல்ல முறை கிடையாது. ஆனால் மார்க்கம் வீதியின் குழிகளில் ஏறி விழும் ட்ரெய்லரில், ஒவ்வொரு குலுக்கலுக்கும் அந்தப் பலகை மேலே எழும்பி ஒருநாள் கழன்று விழும். ஆகவே கீழ்ப்பக்கத்தில் ஒரு ஸ்குரூவோ திருகு கட்டையோ போட்டு இறுக்கியே ஆக வேண்டும். ட்ரெய்லரின் உட்சுவர்ப் பலகை மெல்லியது, பெரும்பாலும் முக்கால் அங்குலம்கூட இருக்காது. அதில் மட்டும் ஸ்குரூ பிடித்தால் பாரம் தாங்காது. பின்னால் இருக்கும் இரும்புத் தூண்களைத் தேடிப் பிடித்து அவற்றில்தான் ஸ்குரூ இறங்க வேண்டும். 16 அங்குலத்துக்கோ 24 அங்குலத்துக்கோ ஒரு தூண் இருக்கும்.

தட்டுகளின் முன்விளிம்பில் ஒன்றரை அங்குல உயரத்துக்கு ஒரு தடுப்புப் பட்டி அடியுங்கள். தட்டையே பின்பக்கம் கொஞ்சம் சரிவாக வைத்தால் இன்னும் நல்லது. லாச்சிகளுக்குத் தாழ்ப்பாள் இல்லாவிட்டால் முதல் திருப்பத்திலேயே ஆணியும் ஸ்குரூவும் நிலத்தில் கலந்து கிடக்கும். உளிகளுக்கு உறை வேண்டும், வாள்களுக்குப் பல் மறையும்படி ஒரு சட்டம் வேண்டும். நீள மட்டங்களை ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் செருகி வைத்தால் நெளியாது, அடிபடாது. தினமும் எடுப்பவை பக்கக் கதவுக்குக் கிட்ட இருக்கட்டும். மாதத்தில் ஒருநாள் எடுப்பது மூலைக்குப் போகட்டும். நடுவில் நடக்க ஒரு ஓடை கட்டாயம் வேண்டும். அதில் ஒன்றும் வைக்கக் கூடாது, இன்றைக்கு மட்டும்தானே என்று சொல்லிக்கூட வைக்கக் கூடாது.

பாரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். மேசை வாள், கொம்பிரசர், ஆணிப் பெட்டிகள் போன்ற பாரமானவை சில்லுகளுக்கு மேலேயும் அதற்குச் சற்று முன்னாலும், தரையோடு ஒட்டி இருக்க வேண்டும். மொத்தப் பாரத்தில் 10 முதல் 15 சதவீதம் வாகனத்தின் கொக்கியில் இறங்குவது சரியான அளவு. பின்கதவோடு பாரத்தை ஏற்றினால் 401 நெடுஞ்சாலையில் வேகம் எடுக்கும்போது ட்ரெய்லர் வாலை ஆட்டத் தொடங்கும், பிறகு அது இழுக்கிற வாகனத்தையும் கவிழ்த்துவிடலாம். ஒற்றை அச்சு ட்ரெய்லர்கள் பலவற்றின் தகட்டில் உச்சப் பாரம் 2,990 இறாத்தல் என்று இருக்கும். அதில் ட்ரெய்லரின் சொந்தப் பாரமும் அடக்கம் என்பது பலர் கவனிக்காத விடயம். வெறும் ட்ரெய்லரே ஆயிரம் இறாத்தலைத் தாண்டும். மர நாரை அழுத்திச் செய்த முக்கால் அங்குல எம்.டி.எஃப். பலகை ஒன்று 90 இறாத்தலுக்கு மேல். பத்துப் பலகை ஏற்றினால் மிச்சம் என்ன இருக்கிறது என்று நீங்களே கணக்குப் பாருங்கள். ஒன்ராறியோவில் ட்ரெய்லரும் சுமையும் சேர்ந்து 1,360 கிலோவோ (ஏறக்குறைய 3,000 இறாத்தல்) அதற்கு மேலோ இருந்தால் ட்ரெய்லருக்குத் தனியாகப் பிரேக் இருக்க வேண்டும் என்பது சட்டம். லொறி நிறுக்கும் தராசில் ஒரு தடவை ஏற்றிப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் பனிக்காலம். லித்தியம் பற்றரிகளைப் பூச்சியப் பாகைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது, செய்தால் உள்ளே நிரந்தரமாகக் கெட்டுப்போகும். ஆகவே பற்றரிகள் எல்லாம் கைப்பிடி உள்ள ஒரே பெட்டியில் இருக்கட்டும், மாலையில் அந்தப் பெட்டி வீட்டுக்குள் வரட்டும். தண்ணீர் கலந்த பசையும் பூச்சும் உறைந்தால் பழுதாகும், அவற்றையும் அதே பெட்டியோடு கொண்டு வாருங்கள். குளிரில் கிடந்த இரும்பு சூடான வீட்டுக்குள் வந்ததும் வியர்க்கும், அந்த ஈரத்தில்தான் கறள் பிடிக்கிறது. சீவுளியின் அடியிலும் மேசை வாளின் மேல்தட்டிலும் மெழுகு பூசி வைத்தால் போதும். வீதியில் கொட்டுகிற உப்பு சப்பாத்தோடு உள்ளே வருகிறது, கிழமைக்கு ஒருதரமாவது தரையைக் கூட்டித் துடைக்க வேண்டும். ஒரு விடயத்தில் மட்டும் பனிக்காலம், கோடை என்ற வித்தியாசம் இல்லை: ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி உள்ளே எறியாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். மூடிய ட்ரெய்லருக்குள் மரத்தூளும் பெற்றோல் கானும் பக்கத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தீயணைப்பான் ஒன்று கதவடியில் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

பூட்டைப் பற்றி மற்றவர்கள் நிறைய எழுதிவிட்டதால் சுருக்கமாக முடிக்கிறேன். வளையம் வெளியே தெரியாத வட்டப் பூட்டு நல்லது, சாதாரண ஆமைப்பூட்டை வெட்ட ஒரு நிமிடம் போதும். கொக்கிக்கு ஒன்று, சில்லுக்கு ஒன்று தனியாகப் போடுங்கள். வெளியே தெரியும் பிணைச்சல்களைக் கழட்ட முடியாதபடி செய்யுங்கள். பின்கதவு கராஜ் சுவரோடு ஒட்டி நிற்கும்படி நிறுத்தினால் அந்தக் கதவைத் திறக்கவே முடியாது, இதற்குச் செலவும் இல்லை. ட்ரெய்லரின் கூரையிலும் பக்கங்களிலும் பெரிதாகப் பெயரோ இலக்கமோ எழுதலாமா, அது கள்ளனுக்கு வழிகாட்டாதா என்று சிலர் கேட்கிறார்கள். எழுதுங்கள் என்பதுதான் என் கருத்து. வெள்ளை ட்ரெய்லர் எதுவும் யாருடையதாகவும் இருக்கலாம், அடையாளம் உள்ளதை விற்பது கஷ்டம். பொருள் இருக்கும் இடத்தைப் போனில் காட்டும் புளூடூத் வில்லைகள் உதவும்தான், ஆனால் தெரியாத வில்லை ஒன்று கூடவே வருகிறது என்று கள்ளனின் போனுக்கும் அவை அறிவிக்கும். ட்ரெய்லருக்குச் சிம் போட்ட ஜி.பி.எஸ். கருவிதான் மேல். அது காட்டும் இடத்துக்கு நீங்கள் தனியாகப் போகாதீர்கள், பொலிஸிடம் சொல்லுங்கள்.

பொலிஸ் முதலில் கேட்பது தொடர் இலக்கம். மக்கிட்டா ட்ரில் ஒன்று களவு போய்விட்டது என்று சொன்னால், அதைப்போல ஆயிரம் இருக்கின்றன, எது உங்களுடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொன்றின் இலக்கத்தையும் ரசீதையும் படம் எடுத்து உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள். வரிக்கும் அந்த ரசீதுகள் தேவைப்படும். சம்பளத்துக்கு வேலை செய்யும் தொழிலாளர் ஆயுதச் செலவுக்காக வருமானத்தில் கழிக்கக்கூடிய உச்சத் தொகை 2023 முதல் 500 டொலரிலிருந்து 1,000 டொலராக உயர்ந்திருக்கிறது. காப்புறுதி விடயத்தில் வீட்டுக் காப்புறுதியையும் வாகனக் காப்புறுதியையும் நம்பி இருக்காதீர்கள். ட்ரெய்லருக்குள் இருக்கும் தொழில் ஆயுதங்களுக்குப் பெரும்பாலும் தனிக் காப்புறுதி எடுக்க வேண்டி வரும். எது அடங்கும், எது அடங்காது என்று முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்றையும் மனவருத்தத்தோடு சொல்கிறேன். களவெடுத்த ஆயுதத்தை வாங்க ஆள் இருப்பதால்தான் களவு நடக்கிறது. அறுநூறு டொலர் வாளை வாகனத் தரிப்பிடத்தில் நூற்றைம்பதுக்குத் தருகிறேன் என்று ஒருவர் வந்தால், பெட்டி எங்கே, ரசீது எங்கே, இலக்கம் ஏன் சுரண்டப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். களவு என்று தெரிந்தும் வைத்திருப்பது கனடாவின் குற்றவியல் சட்டம் 354ஆம் பிரிவின்படி குற்றம். சட்டம் ஒரு பக்கம் இருக்க, அந்த வாளை இழந்தவனும் எங்களைப் போல விடிய எழும்பி வேலைக்குப் போகிறவன்தான். மலிவு என்று அதை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

எங்கள் தொழிலாளர் அமைப்புகளுக்கும் கோயில்களுக்கும் ஒரு வேண்டுகோள். நவராத்திரியில் சரஸ்வதி பூசையன்று நாங்கள் ஆயுதங்களைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிடுகிறோம். அது இங்கே புரட்டாதி, ஐப்பசியில், பனி தொடங்க முதல் வருகிறது. அந்த நாளை ஒட்டி ஒவ்வொரு வருடமும் ட்ரெய்லரை முழுக்க வெறுமையாக்குவோம். எல்லாவற்றையும் எண்ணி, இலக்கங்களைப் படம் எடுத்து, காப்புறுதிப் பத்திரத்தைப் புரட்டிப் பார்த்து, பிரேக்கும் சில்லும் சோதித்து, பிறகு ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைப்போம். வேலை பழகும் பிள்ளைகளையும் கூட வைத்துக்கொண்டு செய்தால், எந்த ஆயுதம் எதற்கு, எங்கே என்று அவர்களுக்கு அன்றைக்கே பாதி விளங்கிவிடும்.

நவராத்திரிக்கு ஒரு மாதம் முன்பே நீங்கள் இதைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினால், ஆட்களுக்கு ஒரு சனிக்கிழமையை ஒதுக்க அவகாசம் கிடைக்கும். என் ட்ரெய்லரின் உட்சுவர்ப் படமும் தட்டுகளின் அளவுகளும் தேவை என்றால் எழுதி அனுப்புகிறேன். அவற்றை யாரும் பயன்படுத்தலாம்.

நன்றி.

இப்படிக்கு,
தச்சுத் தொழிலாளி ஒருவர்,
ஸ்காபரோ, ஒன்ராறியோ