ஜூன் மாதத்துப் பணத்தை நவம்பரில் கொடுக்காதீர்கள்

சமுதாயக் கல்வி அறக்கட்டளைகள், உறவின்முறைகள், ஜமாஅத்துகள், ஊர்ச் சங்கங்கள், முன்னாள் மாணவர் சங்கங்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

நான் விருதுநகர் மாவட்டத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் முப்பது வருடம் வணிகவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு உங்கள் உதவித்தொகை விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்றாகவே ஆகிவிட்டது. ஓய்வுக்குப் பிறகும் அது நிற்கவில்லை. எந்தச் சங்கம் எத்தனை போட்டோ கேட்கும், எந்த அறக்கட்டளை பச்சை மைக் கையெழுத்து இல்லாவிட்டால் திருப்பி அனுப்பும் என்பதெல்லாம் மனப்பாடம். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன், திட்டுவதற்காக அல்ல. உங்களைப் போன்ற ஒருவர் கொடுத்த பணத்தில் கல்லூரிக்குப் போனவன் நான். அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் படித்த ஒரு மாணவி. அப்பா இல்லை. அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை. கல்லூரியில் பி.காம். சுயநிதிப் பிரிவில்தான் இடம் கிடைத்தது. ஜூனில் கட்ட வேண்டிய பணத்துக்காக அம்மா தோட்டைக் கழற்றி 10,000 ரூபாய்க்கு அடகு வைத்தார். இரண்டு வட்டி. அதாவது நூற்றுக்கு மாதம் 2 ரூபாய். ஆகஸ்டில் ஓர் அறக்கட்டளையின் விளம்பரம் நாளிதழில் வந்தது. நான்தான் விண்ணப்பம் போடச் சொன்னேன். நவம்பரில் நிறுவனர் பிறந்தநாள் விழாவில் 5,000 ரூபாய் காசோலை கொடுத்தார்கள். அந்த வருடம் பிறந்தநாள் ஒரு வியாழக்கிழமை வந்தது.

காலை ஒன்பதரைக்குக் கல்யாண மண்டபத்தில் இருக்கச் சொன்னார்கள். சிறப்பு விருந்தினர் வந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். அப்புறம் குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடைகள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவரைப் பற்றியும் மைக்கில் படித்தார்கள். "தந்தையை இழந்தவர், தாயார் தீப்பெட்டித் தொழிலாளி, வாடகை வீடு…" கூட்டத்தில் அவளோடு படிக்கிற பிள்ளைகளும் இருந்தார்கள். காசோலையை வாங்கியதும் நகரப் பார்த்தவளை, போட்டோ சரியாக விழவில்லை என்று மறுபடி நிற்க வைத்தார்கள். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவள் தலை நிமிரவேயில்லை.

காசோலையில் இனிஷியலை விரித்து அப்பா பெயரையும் சேர்த்து எழுதியிருந்தார்கள். பாஸ்புக்கில் வெறும் இனிஷியல்தான். வங்கியில் வாங்க மாட்டேன் என்றுவிட்டார்கள். மறுபடி பஸ் ஏறிப்போய் மாற்றி வாங்கி, பணம் கையில் வந்தது ஜனவரியில்.

வணிகவியல் வாத்தியார் என்பதால் கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. உங்கள் ஐயாயிரம் ஜூனிலேயே வந்திருந்தால் அடகு பாதியோடு நின்றிருக்கும். அந்தப் பாதிக்கு ஏழு மாத வட்டி 700. விழா அன்று அம்மா இழந்த கூலி 350. இரண்டு பேருக்கும் போக வர பஸ் 180, காசோலை மாற்றப் போனதற்கு 90. இ-சேவை மையத்தில் வருமானச் சான்று, ஜெராக்ஸ், போட்டோ எல்லாம் சேர்த்து 250. மொத்தம் 1,570. ஆண்டறிக்கையில் 5,000 என்று இருக்கிறது. அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது 3,430.

அடுத்த வருடம் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு நானே அவள் வீட்டுக்குப் போனேன். "வேண்டாம் சார், மைக்கில் படிப்பாங்க" என்றாள்.

இனி என் கதை. தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்து முதல் செட் வெளியே வந்தது 1980இல். அதில் நானும் ஒருவன். எங்கள் தெருவில் ஒரு வத்தல் மண்டிக்காரர், சங்கத்தின் கல்வி நிதி அவர் பொறுப்பில். பள்ளியில் டி.சி. வாங்கிக்கொண்டு போகிறபோது கூப்பிட்டார். உள்ளே நுழைந்தால் நெடியில் கண் எரியும். "காலேஜ்ல எவ்வளவு கேக்கான்?" சொன்னேன். கல்லாப்பெட்டியைத் திறந்து எண்ணிக் கொடுத்து, நீள நோட்டில் கையெழுத்து வாங்கினார். என் காலைப் பார்த்துவிட்டு, செருப்பு வாங்கிக்கொள் என்று தனியாக இருபது ரூபாய். அது சங்கத்துப் பணமா அவர் பணமா என்று இன்றுவரை தெரியாது. மொத்தமும் ஐந்து நிமிடம். நான் அங்கே போய் வந்தது தெருவில் ஒருவருக்கும் தெரியாது. சும்மா கொடுத்தார் என்றும் நினைத்துவிட வேண்டாம். ஒவ்வொரு பரீட்சை முடிவுக்கும் மார்க்கைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். குறைந்தால் திட்டு விழும்.

எங்கள் ஊருக்கு இது புதிதல்ல. வியாபாரிகள் விற்கிற சரக்கில் இவ்வளவு என்று தங்களுக்குத் தாங்களே மகமை விதித்துக்கொண்டு பள்ளிக்கூடம் நடத்திய ஊர் விருதுநகர். காமராஜர் படித்த சத்திரிய வித்யாசாலைக்கு வீடு வீடாகப் பிடி அரிசி போனது. உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டுவிடுவார்கள். யாருடைய பிடி எந்தப் பிள்ளையின் படிப்புக்குப் போனது என்று யாருக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது.

அந்தக் காலம் பொற்காலம் என்றெல்லாம் சொல்ல வரவில்லை. அன்றைக்கு எத்தனை தெருப் பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளியின் வாசலும் திறக்கவில்லை என்பது எனக்கும் தெரியும். நான் சொல்வது கொடுக்கிற முறையைப் பற்றி மட்டும்.

இப்போது அரசும் நிறையவே செய்கிறது. 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் மருத்துவம், பொறியியல் போகிற அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் கட்டணத்தை அரசே கட்டுகிறது. 2022இல் புதுமைப் பெண், 2024இல் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாய் கணக்கில் விழுகிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகளுக்குக் குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. அப்படியானால் உங்கள் பணத்துக்கு என்ன வேலை?

வேலை இருக்கிறது, அரசுப் பணம் போய்ச் சேராத இடுக்குகளில். எங்களைப் போன்ற உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் அந்த 7.5க்குள் வருவதில்லை. போஸ்ட் மெட்ரிக் பணம் வந்து சேர மாதக்கணக்கில் ஆகும், கல்லூரி அதுவரை பொறுப்பதில்லை. கட்டணத்தை அரசு ஏற்றுக்கொண்டாலும் முதல் நாள் ஊரிலிருந்து கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ போகிற பையனுக்குப் பெட்டி, பக்கெட், போர்வை, இரண்டு நல்ல சட்டை, டிக்கெட், கையில் ஓர் ஆயிரம் வேண்டும். இதற்கு எந்தத் திட்டத்திலும் இடம் கிடையாது. பொறியியல் கலந்தாய்வில் இடம் ஒதுக்கிவிட்டால் சில நாட்களுக்குள் பணம் கட்டியாக வேண்டும். அந்தச் சில நாட்களில்தான் தோடு அடகுக்குப் போகிறது, மாடு விற்கப்படுகிறது. இல்லாவிட்டால் "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று பையன் ஒரு பட்டறையில் சேர்கிறான். அடுத்த வருடம் வருவதில்லை.

அதனால் முதல் வேண்டுகோள் காலண்டரைப் பற்றியது. பிளஸ் டூ முடிவுகள் மே மாதம் வந்துவிடுகின்றன. விண்ணப்பங்களை மார்ச், ஏப்ரலிலேயே வாங்கி வையுங்கள். முடிவு வந்த வாரத்திலேயே பட்டியலைப் போடுங்கள். ஜூனில் பணம் கணக்கில் ஏறட்டும். உங்கள் ஆடிட்டர் ஆட்சேபிக்க மாட்டார். வருடத்து வருமானத்தில் 85 சதவீதத்தை மார்ச் 31க்குள் அறப்பணிக்குச் செலவழிக்க வேண்டும் என்பதுதான் அவர் கவலை. ஜூனில் செலவழித்தால் அவருக்கு இன்னும் நிம்மதி. வைப்புநிதி வட்டி அக்டோபரில்தான் வருகிறது என்றால், முதிர்வு மாதத்தை ஒரு தடவை மாற்றிப் போட்டால் தீர்ந்தது.

இதோடு ஒரு சின்னக் கைமாற்று நிதியும் வையுங்கள். அரசு உதவித்தொகை வரும்வரை கட்டணத்தைக் கட்ட வட்டியில்லாமல் கொடுத்து, பணம் கணக்கில் விழுந்ததும் வாங்கிக்கொள்வது. சிலது திரும்பாதுதான். திரும்பி வருகிற பணம் அடுத்த ஜூனில் இன்னொரு பிள்ளைக்குப் போகும்.

விழா நடத்தாதீர்கள் என்று சொல்லவில்லை. போட்டோ இல்லாவிட்டால் நன்கொடையாளர்கள் கை சுருங்கும் என்று உங்களில் ஒருவர் என்னிடமே சொன்னார். சரி, நியாயம்தான். பணத்தை ஒரு நாள் கொடுங்கள், விழாவை வேறு நாள் வையுங்கள். மேடைக்கு, உங்கள் உதவியில் படித்து இன்று வேலையில் இருப்பவர்களைக் கூப்பிடுங்கள். வர விருப்பமுள்ளவர் வருவார், தன் கதையைத் தானே சொல்வார். பதினேழு வயதுப் பிள்ளையின் வீட்டு வறுமையை இன்னொருவர் மைக்கில் படிக்க வேண்டாம்.

அடுத்தது மதிப்பெண். "80 சதவீதத்துக்குக் குறைந்தவர்கள் விண்ணப்பிக்கத் தேவையில்லை" என்று போடுகிறீர்கள். ஊரில் முதலாவதாக வந்த பையனுக்கு நான்கு சங்கங்கள் நான்கு பொன்னாடை போர்த்தியதைப் பார்த்திருக்கிறேன். பாவம், அவன் அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? அதே வகுப்பில் ராத்திரி பதினொரு மணிவரை புரோட்டாக் கடையில் மேசை துடைத்துவிட்டு 58 சதவீதம் வாங்கியவன் இருந்தான். உங்கள் விண்ணப்பத்தை வாங்கவே அவனுக்குத் தகுதியில்லை. தேர்ச்சியும் கல்லூரியில் இடமும் போதும் என்று வைத்துவிட்டு, மீதியைத் தேவையை வைத்து முடிவு செய்யுங்கள். திறமைக்குப் பரிசு தர ஆசை என்றால் அதைத் தனித் தலைப்பில் தாருங்கள், உதவித்தொகை என்ற பெயரில் வேண்டாம்.

தேவையை எப்படி அளப்பது என்பீர்கள். வருமானச் சான்றிதழை மட்டும் நம்பாதீர்கள். காப்பீட்டு அட்டைக்கு 72,000 என்று வரம்பு இருந்த காலத்தில் எங்கள் பக்கம் கையில் வந்த சான்றிதழ்களில் பாதி 72,000தான். மச்சு வீட்டுக்காரருக்கும் அதே, தகரக் கொட்டகைக்கும் அதே. வீட்டுக்கு ஓர் ஆளை அனுப்புங்கள். அகரம் போன்ற அமைப்புகள் தன்னார்வலர்களை வீட்டுக்கே அனுப்பிப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கின்றன. அதுவும் முடியாதென்றால் வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். எந்தப் பிள்ளை டிபன் பாக்ஸ் கொண்டுவருவதில்லை என்று அவருக்குத் தெரியும்.

"வேறு உதவித்தொகை பெறுவோர் விண்ணப்பிக்க இயலாது" என்ற வரியையும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். மாதம் 1,000 ரூபாய் வாங்குகிற பெண்ணுக்கு அது பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் சரியாகப் போய்விடுகிறது. அதைக் காரணம் காட்டி அவளை வெளியே நிறுத்துவது என்ன கணக்கு?

முதலாண்டில் நூறு பேருக்கு மூவாயிரம் மூவாயிரமாகப் பிரிப்பதைவிட, இருபது பேரைப் பிடித்து மூன்று வருடமும் கூட நிற்பது மேல் என்பது என் அபிப்பிராயம். நான் பார்த்தவரை பிள்ளைகள் நின்றுபோவது இரண்டாம் வருடத்தில்தான். அப்போது உங்கள் கோப்பில் அவர்கள் பெயரே இருப்பதில்லை.

கடைசியாக, நீங்கள் முகம் சுளிக்கக்கூடிய ஒன்று. விண்ணப்பத்தோடு நீங்கள் கேட்கிற சாதிச் சான்றிதழ். நம் பிள்ளைகளுக்கு நாம் செய்யாமல் யார் செய்வார்கள் என்று தொடங்கியவைதான் உங்கள் அமைப்புகளில் பல. அதன் பலனை நானே அனுபவித்திருக்கிறேன். ஆனால் வருமான வரிச் சட்டத்தில் ஒரு பழைய விதி உண்டு. 1962 ஏப்ரலுக்குப் பிறகு தொடங்கிய அறக்கட்டளை ஒரு சாதிக்கோ மதத்துக்கோ மட்டும் என்று இருந்தால் வரிவிலக்கு கிடையாது. பட்டியல் சமூகத்தினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகளுக்கானவை மட்டும் இதற்கு விலக்கு. அதனால் உங்களில் பலருடைய பத்திரத்தில் "சாதி, மத வேறுபாடின்றி" என்று வக்கீல் ஒரு வரி எழுதியிருப்பார். பீரோவிலிருந்து பத்திரத்தை எடுத்து ஒரு தடவை படித்துப் பாருங்கள். பத்துப் பேருக்குக் கொடுத்தால் அதில் இரண்டு பேர், வேறு சாதியானாலும், அதே தெருவில் அடுத்த வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். ஜூன் மாதத்தில் அந்த வீட்டுத் தோடும் அதே அடகுக் கடைக்குத்தான் போகிறது.

அடுத்த கல்வியாண்டுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. உங்கள் பொதுக்குழுவில் இதைப் பேச எடுத்துக்கொண்டால் போதும். வீடு வீடாகப் போய்ப் பார்க்க ஆள் இல்லை என்றால் நான் இருக்கிறேன். சொந்தமாக டிவிஎஸ் ஃபிப்டி இருக்கிறது, ஏப்ரல், மே மாதம் எனக்கு வேறு வேலையும் கிடையாது. என்னைப் போல ஓய்வுபெற்ற வாத்தியார்கள் ஊருக்கு நாலு பேர் தேறுவார்கள். பெட்ரோல் காசுகூட வேண்டாம். போன இடத்தில் பார்த்ததை எழுதிக் கொடுக்கிறோம். அந்தத் தாளை மட்டும் மேடைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வணிகவியல் ஆசிரியர் ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்.