காதில் வைத்தது தொண்டையில் வந்தது: எங்கள் தெரு மகளிர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்காக்களுக்கு,

வணக்கம். தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் 11 வருடமாக மருந்து எடுத்துக் கொடுப்பவள் எழுதுகிறேன். நேரிலேயே சொல்லியிருக்கலாம். இரண்டு முறை வந்தும் பார்த்தேன். இரண்டு முறையும் அறை நிறைய ஆட்கள். அவர்கள் முன்னால் உங்களைக் குற்றம் சொல்வது போல ஆகிவிடுமே என்று திரும்பிவிட்டேன். இப்போது கொருக்குப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கத்திலிருந்தெல்லாம் கடைக்கு வருபவர்கள், “காதுக்கு ஓசோன் மிஷின் ஒன்று வாங்கி வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா?” என்று கேட்கிறார்கள். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் கேட்பது இதுதான். கடனில் வாங்கி, குழு அறையில் வைத்து, வருகிறவர்களுக்கு ஓசோன் வாயு விடுகிறீர்களே, அந்த மிஷினை நிறுத்திவிடுங்கள். காதுக்கும் வேண்டாம், சைனஸுக்கும் வேண்டாம்.

ஏன் வாங்கினீர்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நம் வடசென்னைப் பக்கத்தில் மூக்கடைப்பு இல்லாத வீடு எது? மணலியின் புகைபோக்கிகள், அனல் மின் நிலையத்துச் சாம்பல், கொடுங்கையூர் குப்பை மேட்டுப் புகை, துறைமுகத்துக்கு வரிசை கட்டும் கன்டெய்னர் லாரிகள். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் வந்து படிந்தது. அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து, ஜனங்கள் கைக்குழந்தைகளோடு தெருவில் ஓடினார்கள். இந்தக் காற்றில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு, மூக்கைத் திறந்துவிடும் என்று யாராவது ஒரு பெட்டியைக் காட்டினால் ஆசை வரத்தான் செய்யும். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். உங்கள் அறையில் 60 ரூபாயும் கால் மணி நேரமும் போதும். நீங்கள் இதில் லாபம் பார்க்கவில்லை என்பதும் தெரியும். கடனைக் கட்டும் அளவுக்குத்தான் வாங்குகிறீர்கள்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

என் அண்ணன் மகனுக்கு 9 வயது. சளி பிடித்தாலே வலது காதில் சீழ் வடியும். என் அம்மாதான் அவனை உங்களிடம் கூட்டிவந்தார். டிபன் கேரியர் அளவு வெள்ளைப் பெட்டி, நீல விளக்கு, ஆலிவ் எண்ணெய் ஊற்றிய கண்ணாடி பாட்டில், அதில் குமிழ் விடும் குழாய், ஸ்டெதாஸ்கோப் போல இரண்டு காதிலும் மாட்டும் முனை. மூன்றாவது முறை போய் வந்த அன்று ராத்திரி, சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்: “அத்த, காதுல வச்சா தொண்டையில கரண்ட் வாசன வருது.”

எனக்குப் பிசைந்த சோறு கையிலேயே நின்றுவிட்டது. காதில் விட்டது எப்படித் தொண்டைக்கு வரும்? செவிப்பறை முழுசாக இருந்தால் வராது. அது ஒரு சுவர் மாதிரி. அந்தச் சுவரில் ஓட்டை இருந்தால், உள்ளே போன வாயு நடுக்காதைத் தாண்டி, அங்கிருந்து மூக்கின் பின்பக்கம் தொண்டைக்கு இறங்கும் சின்னக் குழாய் வழியாக வந்துவிடும். அப்புறம் மூச்சோடு நுரையீரலுக்குப் போகும். அடிக்கடி சீழ் வடியும் காதுகளில் பெரும்பாலும் இந்த ஓட்டைதான் இருக்கும். உங்களிடம் வருவதில் அதிகம் பேர் யார்? காதில் சீழ் வடிபவர்கள்தானே?

அன்று ராத்திரி 2 மணிக்கு அம்மாவுக்கு வீசிங் வந்து நெபுலைசர் வைக்க வேண்டியதாகிவிட்டது. பேரனுக்குத் துணையாக, கொசுவுக்காக ஜன்னல் சாத்திய அந்த அறையில் அவர் இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தார். அந்த மிஷினால்தான் வந்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் இளைப்பு உள்ளவர்களுக்கு ஓசோன் மூச்சுக்குழாயை எரிச்சல்படுத்தி இளைப்பைத் தூண்டும் என்பது டாக்டர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம்.

இன்னொன்றும் பார்த்தேன். அறையின் மூலையில் குழுவின் பாஸ்புத்தகங்களை ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கி வைத்திருக்கிறீர்கள் இல்லையா? “என்னமோ தெரியல, இந்த பேண்டெல்லாம் பட்டு பட்டுனு அறுந்து போவுது” என்று ஒரு அக்கா சொன்னார். நான் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். குறுக்கே குறுக்கே பொடிப்பொடி வெடிப்பு. இழுத்துக் கட்டிய ரப்பரை ஓசோன் இப்படித்தான் வெட்டும். லாஸ் ஏஞ்சலஸ் நகரில் புகைமூட்டத்தை ஆராய்ந்தவர்கள், காற்றில் ஓசோன் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வளைத்த ரப்பர் துண்டுகளைத்தான் வெளியே வைத்தார்கள். ரப்பர் எவ்வளவு வெடிக்கிறதோ, காற்று அவ்வளவு கெட்டிருக்கிறது என்று கணக்கு. மிஷினோடு வந்த குழாய் ஏன் சிலிக்கோனில் இருக்கிறது? சாதாரண ரப்பர் என்றால் ஓசோன் தின்றுவிடும். ரப்பருக்கே இந்தக் கதி என்றால் காதின் உள்தோல் எந்த மூலைக்கு?

“ஓசோன் நல்லதுதானே, பூமியையே காப்பாத்துதுன்னு பிள்ளைங்க பாடத்துல வருதே” என்று கேட்டீர்கள். பாடத்தில் இருப்பது சரிதான். 15 கிலோமீட்டருக்கும் மேலே இருக்கும் ஓசோன் வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது. அதே வாயு கீழே இறங்கி நாம் இழுக்கும் மூச்சில் கலந்தால், நம் நாட்டுச் சட்டப்படியே அது மாசு. 2009-ல் வந்த தேசியக் காற்றுத் தர அளவுப்படி, 8 மணி நேரச் சராசரியில் ஒரு கன மீட்டர் காற்றில் 100 மைக்ரோகிராமுக்கு மேல் ஓசோன் இருக்கக் கூடாது. ஒரு மணி நேரத்துக்கு என்றால் 180.

பெட்டியில் போட்டிருப்பதை வைத்து ஒரு கணக்குப் போட்டேன். மணிக்கு 400 மில்லிகிராம் என்று இருக்கிறது. கால் மணிக்கு 100 மில்லிகிராம். அதில் பத்தில் ஒரு பங்குதான் வெளியே கசிகிறது என்று வையுங்கள், 10 மில்லிகிராம். பத்துக்குப் பத்து அறையில் காற்று சுமார் 25 கன மீட்டர். வகுத்தால் ஒரு கன மீட்டருக்கு 400 மைக்ரோகிராம். சுவரிலும் துணியிலும் பட்டுக் கொஞ்சம் அழியும், உண்மைதான். ஆனால் ஒருவர் எழுந்ததும் அடுத்தவர் உட்காருகிறார், ஜன்னலும் சாத்தியிருக்கிறது. அறையில் நாள் முழுக்க மிஷின் பக்கத்திலேயே இருக்கும் அக்காவை நினைத்தால்தான் எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. “மொதல்ல வாசன வரும், அப்புறம் பழகிடும்” என்றார் அவர். மூக்கு மரத்துப்போய்விடுவதால்தான் அப்படித் தெரிகிறது. வாயு குறைவதில்லை.

இன்னும் ஒன்று. இந்தச் சின்ன மிஷின்கள் சுத்தமான ஆக்சிஜனை எடுப்பதில்லை, அறைக் காற்றைத்தான் உறிஞ்சுகின்றன. காற்றில் பெரும்பங்கு நைட்ரஜன். அதில் மின்சாரம் பாய்ந்தால் ஓசோனோடு நைட்ரஜன் ஆக்சைடுகளும் உண்டாகும். காற்றில் ஈரம் இருந்தால் நைட்ரிக் அமிலமும் சேரும். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்கா குறை?

சைனஸுக்கு எண்ணெயில் குமிழ் விட்டு இழுக்கச் சொல்கிறீர்கள். எண்ணெய் ஓசோனை அடக்கிவிடும், அதனால் பயமில்லை என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். எண்ணெய் ஓசோனைப் பிடித்துக்கொள்வது நிஜம்தான். ஆனால் இரண்டும் சேர்ந்து ஆல்டிஹைடு போன்ற வேறு பொருள்களாக மாறுகின்றன. அவையும் மூக்கையும் கண்ணையும் எரிப்பவைதான். எண்ணெய்த் துளி மூச்சோடு நுரையீரலுக்குள் போனால் ஒரு வகை நிமோனியாவே வரலாம். நம் பாட்டிமார் குழந்தை மூக்கில் எண்ணெய் விடும்போது டாக்டர்கள் திட்டியது இதற்குத்தான்.

ஓசோன் கிருமியைக் கொல்லாதா? கொல்லும். பிரான்சின் நீஸ் நகரில் 1906 முதலே குடிநீரைச் சுத்தம் செய்ய அதைப் பயன்படுத்தினார்கள். ஆனால் குழாய்த் தண்ணீருக்கு வலிக்காது. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகத்தின் விதியில் இது தெளிவாகவே இருக்கிறது: ஓசோன் நச்சு வாயு, அதற்கு அறியப்பட்ட மருத்துவப் பயன் எதுவும் இல்லை, கிருமியைக் கொல்லும் அளவு மனிதன் தாங்கும் அளவைவிட வெகு அதிகம். டாக்டர்கள் சிலரும் ஓசோன் வைக்கிறார்களே என்பீர்கள். அளவு தெரிந்த கருவியோடு ஒருவர் செய்வது அவர் பொறுப்பு. நம்மிடம் இருப்பது எவ்வளவு வெளிவிடுகிறது என்று காட்ட ஒரு முள்கூட இல்லாத பெட்டி.

அப்புறம் என்னதான் செய்வது?

பையனை அந்த வாரமே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போனோம். விளக்கு வைத்துப் பார்த்தவர், ஓட்டை இருக்கிறது என்றார். சுத்தமான பருத்தித் துணியைத் திரி போல முறுக்கி, காதுக்குள் மெதுவாக வைத்து, சீழை உறிஞ்சவிட்டு எடுத்துப் போடச் சொன்னார். திரி ஈரமில்லாமல் வரும்வரை புதுத் திரியாக மாற்ற வேண்டும். காது காய்ந்த பிறகு அவர் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்து. குளிக்கும்போது காதில் வாஸ்லின் தடவிய பஞ்சு. காசிமேட்டில் கடலில் குதிக்கக் கூடாது என்றதும் பையன் அழுதுவிட்டான். மூன்று வாரத்தில் காது காய்ந்தது. ஓட்டை தானாக மூடாவிட்டால் பிறகு ஆபரேஷன் பற்றிப் பார்க்கலாம் என்றிருக்கிறார்.

சொட்டு மருந்தை மட்டும் என் கடையிலேயே கேட்டாலும் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். சில மருந்துகள் ஓட்டைக் காதில் விட்டால் கேட்கும் சக்தியையே குறைத்துவிடும். காய்ச்சிய பூண்டு எண்ணெய், வெங்காயச் சாறு எதுவும் ஓட்டைக் காதில் வேண்டாம்.

சைனஸுக்கு ஒரு டம்ளர் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் கால் டீஸ்பூன் உப்புப் போட்டு மூக்கைக் கழுவலாம். கேன் தண்ணீரானாலும் கொதிக்கவைத்தே ஆக வேண்டும். வருஷக்கணக்கில் அடைப்பு என்றால் டாக்டர் மூக்கில் அடிக்கும் ஸ்பிரே தருவார். காதுக்குப் பின்னால் வீங்கினாலோ, தலை சுற்றினாலோ, முகம் ஒரு பக்கம் இழுத்தாலோ, கண்ணைச் சுற்றி வீங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வாசலில் ஒட்டியிருக்கும் “செவிடும் கேட்கும்” நோட்டீஸைத் தயவுசெய்து இன்றைக்கே கிழித்துவிடுங்கள். 1954-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய வைத்தியச் சட்டம், இன்னின்ன நோயைக் குணப்படுத்துவோம் என்று விளம்பரம் செய்யக் கூடாது என்று ஒரு பட்டியலே போட்டிருக்கிறது. காது கேளாமை அதில் இருக்கிறது. விற்றவர் கொடுத்த நோட்டீஸ்தான். ஆனால் ஒட்டியவர்கள் நீங்கள் என்றுதான் கேஸ் வரும்.

கடன் பற்றிய கவலை உங்களுக்கு இருக்கும். பில், கேரண்டி கார்டு, அந்த நோட்டீஸ், எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். வைத்தியத்துக்கு என்று சொல்லி விற்றதற்கு அதுதான் சாட்சி. நுகர்வோர் உதவி எண் 1915. புகார் எழுத நானே உட்காருகிறேன்.

உங்கள் நோட்டில் காதுக்கு வந்தவர்களின் பெயர் இருக்கிறது. அதில், தொண்டையில் வாசனை வந்தது என்று சொன்ன பிள்ளைகள் யார் யார் என்று வீடு வீடாகக் கேளுங்கள். அவர்களைத்தான் முதலில் காட்ட வேண்டும். வியாழக்கிழமை எனக்கு லீவு. ராயபுரத்தில் ஸ்டான்லி ஆஸ்பத்திரியின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குக் கூட்டிப்போகிறேன். காலை 7 மணிக்குத் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நிற்பேன். ஆதார் அட்டையும், பழைய சீட்டு இருந்தால் அதையும் எடுத்துவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை,
மெடிக்கல் ஷாப், தண்டையார்பேட்டை